எம்டனின் நான்காவது புகைபோக்கி: பினாங்கு மரபு நடை ஒன்றில் நேர்ந்த திருத்தமும் அதன் பின்விளைவும்

பின்னணி

ஜார்ஜ்டவுனில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் மரபு நடை நடத்தும் எழுவர் கொண்ட தன்னார்வக் குழுவில் நானும் ஒருவன். கடைத்தெருவில் தொடங்கி, குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயம், செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) இருந்த பினாங்குத் தெரு, பீச் தெரு எனச் சென்று, கார்ன்வாலிஸ் கோட்டையை ஒட்டிய பாடாங் கோத்தா கடற்கரையில் நடை முடியும். கடைசி நிறுத்தத்தில் கடலைப் பார்த்து நின்றபடி, 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் இந்த நீரிணைக்குள் புகுந்த கதையைச் சொல்வது வழக்கம். வருகிறவர்கள் பெரிதும் எதிர்பார்ப்பதும் அதைத்தான். "அவன் சரியான எம்டன்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பலருக்கு, அது ஒரு கப்பலின் பெயர் என்பது அங்கே நிற்கும்போதுதான் தெரியவரும்.

கதையைச் சொல்லிவந்தவர் எங்களில் மூத்தவர். 78 வயதான அவர் துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா 1909இல், 18 வயதில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து பெங்காலான் வெல்ட் கரையில் சரக்கு இறக்கும் கூலியாக வேலை செய்தவர். தாத்தா எம்டனைத் தம் கண்ணால் பார்த்தவர் என்பதால், பேரனுடைய சொல்லுக்கு எங்கள் குழுவில் தனி மதிப்பு இருந்தது. அவர் சொன்னவற்றை அடிப்படையாக வைத்து, நடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை அச்சிட்டிருந்தோம். அதை எழுதியவர்களில் நானும் இருந்தேன். இந்த ஆய்வில் குறிப்பிடப்படும் முதல் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

நிகழ்ச்சியின் வரலாற்றுப் பின்புலம்

எம்டன் 1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல், 10.5 சென்டிமீட்டர் விட்டமுடைய 10 பீரங்கிகளைக் கொண்டது. சீனக் கரையில் ஜெர்மானியரின் பிடியிலிருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து 1914 ஜூலை 31 அன்று, ஜெர்மனி முதல் உலகப் போரில் இறங்குவதற்குச் சற்று முன்பாக, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் அது புறப்பட்டது. செப்டம்பரில் வங்கக் கடலுக்குள் நுழைந்து பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை அடுத்தடுத்துப் பிடித்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளை எரியவிட்டுச் சென்றது. அதன் பிறகு தெற்கே போய், போர் மூண்ட செய்தியே எட்டியிராத டியகோ கார்சியா தீவில் தங்கி, மீண்டும் வடக்கே திரும்பிப் பினாங்குக்கு வந்தது.

பினாங்கில் நங்கூரமிட்டிருந்தது ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல். 1905இல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரிலிருந்து தப்பிய கப்பல் அது. அதன் பெயருக்கு ரஷ்ய மொழியில் முத்து என்று பொருள். கிழக்கின் முத்து என்று பெயர் பெற்ற தீவின் துறைமுகத்தில் முத்து என்ற பெயருடைய கப்பல் மூழ்கியதை நான் ஒவ்வொரு நடையிலும் சொல்லாமல் விடுவதில்லை. அதன் தலைவர் அன்றிரவு கரையில் இருந்தார். பின்னர் இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. எம்டன் நெருங்கி வந்து ஜெர்மானியக் கொடியை ஏற்றி, டார்பிடோவாலும் பீரங்கிகளாலும் தாக்கியதில் ஜெம்சுக் வெடித்து மூழ்கியது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். வடக்கு வாயில் வழியாக வெளியேறும்போது எதிர்ப்பட்ட முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றிய பிறகே விலகிச் சென்றது. அடுத்த 12 நாள்களில், நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு, வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏறி நின்றதோடு அதன் ஓட்டம் முடிந்தது.

துண்டறிக்கையில் இருந்தவையும் வெளிப்பட்ட சிக்கலும்

எங்கள் துண்டறிக்கையில் மேற்கண்ட செய்திகளோடு, மூத்தவர் சொன்ன மூன்று செய்திகள் இடம்பெற்றிருந்தன. எம்டனுக்கு நான்கு புகைபோக்கிகள் இருந்தன என்பது ஒன்று. அன்று காலை கடைத்தெருவில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன என்பது இன்னொன்று. இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் அதிகாரியாக இருந்தார், அவர் சொல்லித்தான் சென்னைக் கோட்டை குறிவைக்கப்பட்டது என்பது மூன்றாவது. இம்மூன்றில் கூட்டத்தைக் கவர்ந்தது கடைசிச் செய்திதான். அதைச் சொல்லும்போது மூத்தவரின் குரல் உயரும், கேட்பவர்களும் கைதட்டுவார்கள்.

ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை அந்தத் துண்டறிக்கையைத் தம் பள்ளிக்கு எடுத்துச் சென்று, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருவரைக் கதை சொல்லும் போட்டிக்குத் தயார் செய்தார். மாணவி கப்பலின் உள்ளே நின்று செண்பகராமன் ஆணையிடுவதுபோல் நடித்துக் காட்டி முடித்ததும், நடுவர் ஒருவர் மேடையிலேயே, அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார், இது நடக்கவில்லை என்று திருத்தினார். குழந்தை மேடையை விட்டு இறங்கும் முன்பே அழுதுவிட்டது. ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க அச்சடிச்சுக் குடுத்ததுன்னாலதான் நான் சரிபாக்கல" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

நடுவர் சொன்னது சரிதானா என்று பார்த்தோம். திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன் 1908இல் ஐரோப்பா சென்றவர். 1914இல் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவான பன்னாட்டுக் குழு ஒன்றை அமைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினுக்குச் சென்று அங்குள்ள இந்தியர் குழுவில் சேர்ந்தார். அவர் எம்டனில் இருந்திருக்க வேண்டுமானால், ஜூலை முடிவதற்குள் சிங்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அக்டோபரில் பெர்லினில் இருப்பதற்கு, இந்தியப் பெருங்கடலின் நடுவே கப்பலை விட்டு இறங்கி, எதிரிக் கடற்படை சூழ்ந்த வழியில் ஐரோப்பா திரும்பியிருக்க வேண்டும். நாள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதியபோதே இது இயலாதது என்பது விளங்கிவிட்டது. அதை அச்சிடுவதற்கு முன்பே எழுதிப் பார்த்திருக்கலாம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

அன்றிரவே குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசி, துண்டறிக்கையை மீட்டுக்கொண்டு திருத்திய பதிப்பை அடுத்த நடைக்குள் அச்சிடுவது என்று முடிவு செய்தோம். இன்னொரு பள்ளிக்கும் அது போய்விடக் கூடாது என்ற அச்சமே அவசரத்துக்குக் காரணம். அந்தக் காரணத்தில் இன்றும் தவறு காணவில்லை. திருத்தும் பொறுப்பை இளைய உறுப்பினர் ஒருவர் ஏற்றார். அவர் செண்பகராமன் பத்தியை நீக்கியதோடு, நிழற்படங்களில் எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகளே தெரிவதால் நான்கு என்ற செய்தியையும், எம்டன் நகரைத் தாக்கவில்லை, துறைமுகத்தில் நின்ற கப்பலைத்தான் தாக்கியது என்பதால் கடைத்தெருப் பிணங்கள் பற்றிய வரியையும் நீக்கினார். ஒருவர் சொன்னதில் ஒன்று பொய்த்துவிட்டால் மற்றவையும் நம்பத் தக்கவை அல்ல என்று நாங்கள் அனைவருமே அன்று எண்ணினோம். அனுப்பப்பட்ட வரைவை நான் ஒரு நிமிடத்தில் படித்து ஒப்புதல் தந்தேன்.

மூத்தவர் புலனம் பயன்படுத்துவதில்லை. அவரிடம் யார் சொல்வது என்று எவரும் கேட்கவில்லை.

தொடர்ந்தது

அடுத்த நடையன்று கடைத்தெரு முனையில் புதிய துண்டறிக்கை மற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்டதுபோலவே அவருக்கும் கொடுக்கப்பட்டது. அவர் நின்ற இடத்திலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கங்களையும் படித்து, அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடற்கரையில் கதை சொல்லும் முறை வந்தபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒதுங்கி நின்றார். அதன் பின் நான்கு மாதங்கள் அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் மூட்டு வலி என்றார்.

அந்த நான்கு மாதங்களில் எம்டன் கதையை நான் சொன்னேன். தேதிகளும் எண்ணிக்கைகளும் சரியாகவே இருந்தன. கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

இதற்கிடையில், நீக்கிய இளைஞரே ஒரு செய்தியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். எம்டனின் இயல்பான புகைபோக்கிகள் மூன்றுதான். ஆனால் நான்கு புகைபோக்கிகள் கொண்ட யார்மத் என்ற பிரிட்டிஷ் கப்பலைப்போல் தோன்றுவதற்காக, கித்தான் துணியால் செய்த பொய்ப் புகைபோக்கி ஒன்றை அதன் மாலுமிகள் நிறுத்தி வைத்திருந்தனர். பினாங்குக்குள் நுழைந்தபோதும் அந்த நான்காவது புகைபோக்கி நின்றிருந்தது. ஆக, பெங்காலான் வெல்ட் கரையிலிருந்து பார்த்த ஒருவர் நான்கு என்று சொல்வதுதான் இயல்பு. மூன்று என்று சொல்லியிருந்தால்தான் ஐயப்பட வேண்டியிருக்கும். "நான் அழிச்சதுதாண்ணே அதுல உண்மையா இருந்தது" என்று அவர் சொன்னபோது, அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது; ஏனெனில் அழிக்க ஒப்புக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது முடிவு: வீட்டில் நடந்த பதிவு

நாங்கள் மூவர் ஆயர் ஈத்தாமில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சென்றோம். எங்களில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரே முதலில் மன்னிப்புக் கேட்டார். "உங்ககிட்டக் கேக்காம வெட்டுனது தப்புண்ணே" என்றார். மூத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா நாலு பொகபோக்கின்னுதான் சொன்னாரு. மூணுன்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல" என்று மட்டும் சொன்னார். செண்பகராமனைப் பற்றி அவர் முதலில் எடுக்கவே இல்லை. அவர் மனம் நொந்தது எதற்காக என்று நாங்கள் நினைத்திருந்தோமோ அது அதற்காக அன்று. தாத்தாவைப் பொய்யர் ஆக்கிவிட்டோம் என்பதே அவருடைய வருத்தம்.

இரண்டு அமர்வுகளில் அவர் சொன்னதை ஒலிப்பதிவு செய்தோம். வரலாற்று ஆசிரியர் ஒரே முறையைக் கடைப்பிடித்தார்: மூத்தவர் எதைச் சொன்னாலும் மறுக்காமல், இதை யார் சொன்னார், அப்போது உங்களுக்கு என்ன வயது, எந்த இடத்தில் வைத்துச் சொன்னார் என்ற மூன்றை மட்டும் கேட்டார். இந்த எளிய கேள்விகள் ஒரே கதையாக இருந்ததை மூன்று தனிக் கதைகளாகப் பிரித்துக் காட்டிவிட்டன.

புகைபோக்கிச் செய்தி தாத்தாவிடமிருந்து வந்தது. கூலிகள் தங்கும் கொங்சியில் தூங்கிக்கொண்டிருந்தபோது இடிபோன்ற ஓசை கேட்டு எழுந்து கரைக்கு ஓடியதையும், புகைக்குள் ஒரு கப்பல் வடக்கே போவதைப் பார்த்ததையும், இறங்க வேண்டிய சரக்கு பல நாள் வராமல் கூலி இல்லாமல் போனதையும் தாத்தா சொல்லியிருக்கிறார்; அவர் 1961இல் இறந்தபோது பேரனுக்கு 16 வயது. தாத்தா நான்கு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னாரா, பிற்பாடு பிறர் பேசக் கேட்டுச் சொன்னாரா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. பொய்ப் புகைபோக்கியைப் பற்றி அக்காலச் செய்தித்தாள்களும் எழுதின. எனினும் கூலி கிடைக்காமற்போன செய்தி யாரிடமும் கேட்டுச் சொல்லக்கூடியது அன்று என்று நான் கருதுகிறேன். வங்கக் கடலில் எம்டன் திரிந்த வாரங்களில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டதற்கும் அது பொருந்துகிறது.

பிணங்கள் பற்றிய பகுதியில், அவற்றைத் தூக்கியவர்களில் தம் தந்தையும் ஒருவர் என்று மூத்தவர் சொன்னார். தந்தை பிறந்தது எப்போது என்று ஆசிரியர் கேட்டார். "1918" என்று சொல்லிவிட்டு மூத்தவர் தாமே நிறுத்தினார். சிறிது நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப இது ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நடந்தது" என்றார். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசியபோது, அவை எவருடையவை என்று அறியாமல் மக்கள் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தனர். இறந்தவர்கள் பல நூற்றுவர். அந்தக் காட்சி குடும்பத்தின் நினைவில் பின்னோக்கி நகர்ந்து எம்டனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இளைஞர் நீக்கிய அந்த வரி பொய்யன்று; 27 ஆண்டுகள் இடம் மாறிப்போன உண்மை.

செண்பகராமன் செய்தியைத் தாத்தா சொல்லவே இல்லை. அதைச் சொன்னவர் தந்தை; அவர் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்த பின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். முகாமில் மாலை நேரங்களில் பேசப்பட்ட கதைகளில் அதுவும் ஒன்று என்று தந்தை சொன்னதாக மூத்தவர் நினைவுகூர்ந்தார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் கூலிகள் என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்கள் முதன்முறையாகச் சீருடை அணிந்து நின்ற காலம் அது. தங்களுக்கு முன்பே ஒரு தமிழர் பிரிட்டிஷ் கோட்டையின் மீது பீரங்கியைத் திருப்பினார் என்ற கதை அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை, அந்த அறையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் நான் உணர்ந்தேன். உண்மையான செண்பகராமனின் வாழ்க்கையும் சிறியதன்று: 1915 டிசம்பரில் காபூலில் அமைக்கப்பட்ட இந்தியத் தற்காலிக அரசில் அவர் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார், 1934இல் பெர்லினில் இறக்கும்வரை நாடு திரும்பவில்லை.

புதிய பாடம் எழுதப்பட்ட விதம்

செண்பகராமன் எம்டனில் இருந்தார் என்ற நம்பிக்கையைத் துண்டறிக்கையில் வைப்பதா வேண்டாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. அச்சில் வந்தாலே அது உண்மை என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே அறவே வேண்டாம் என்று இருவர் வாதிட்டனர். மேடையில் அழுத மாணவியை நினைத்தால் அந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. நான் வைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றேன். நாங்கள் சொல்லாவிட்டாலும் நடைக்கு வருகிறவர்கள் அதைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். மௌனமாக இருந்தால் மறைக்கிறோம் என்றே எண்ணுவார்கள். முடிவில், பதிவேடுகள் சொல்வதையும், ஒரு பினாங்குக் குடும்பம் நினைவில் வைத்திருப்பதையும், தமிழர்களிடையே வழங்கும் நம்பிக்கையையும் தனித்தனிப் பக்கங்களில், தனித்தனித் தலைப்புகளில் தருவது என்று முடிவாயிற்று. நம்பிக்கைப் பக்கத்தின் முதல் வாக்கியமே அது நடக்க இயலாதது ஏன் என்பதைத் தேதிகளோடு சொல்கிறது. ஒவ்வொரு வரியையும் மூத்தவரிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பிறகே அச்சுக்குக் கொடுத்தோம்.

நடையின் முடிவில் ஒரு செய்தியையும் சேர்த்தோம். ஜெம்சுக் மாலுமிகளில் சிலர் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்திலும் சிலர் ஜெரஜாக் தீவிலும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே ஜெரஜாக் தீவில்தான் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கூலிகள் நோய்த் தடுப்புக்காக நாள் கணக்கில் வைக்கப்பட்டார்கள். மூத்தவரின் தாத்தாவும் அங்கே இருந்தவர். பல ஆண்டுகளாக ரஷ்யரைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

விளைவு

மூத்தவர் திரும்பி வந்தார். இப்போது தாத்தாவின் பகுதியை அவர் சொல்கிறார். தேதிகளை இளைஞர் சொல்கிறார். நம்பிக்கைப் பகுதியை, தம் தந்தை எந்த முகாமில் கேட்டார் என்பதோடு சேர்த்து, மூத்தவரே சொல்கிறார். அந்த மாணவியையும் ஆசிரியையையும் ஒரு நடைக்கு அழைத்திருந்தோம். துண்டறிக்கையில் நாங்கள் செய்த தவற்றை அவளிடம் நேரில் சொன்னோம். அவள் கேட்டது ஒரே கேள்வி: துணியில் செய்த புகைபோக்கியில் புகை வருமா? வராது, ஆனால் விடியற்காலை இருட்டில் அது தெரியாது என்று மூத்தவர் பதில் சொன்னார்.

எல்லாம் இணக்கமாக முடிந்தது என்று எழுத முடியாது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், தமிழன் பெருமையைத் தமிழர்களே அழிக்கிறீர்கள் என்று சொல்லி நடுவிலேயே புறப்பட்டுப் போனார். அவரைத் தடுத்து வாதிடவில்லை. துண்டறிக்கையைக் கையில் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தவறான செய்தி பள்ளிகளுக்குப் போகாமல் தடுக்க, துண்டறிக்கையை உடனே நிறுத்தியது சரி. ஆனால் நிறுத்துவதும் திருத்துவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே இரவில் செய்தது தவறு. இப்போது ஐயத்துக்குரிய ஒரு செய்தி வந்தால், அச்சிட்டதை ஒதுக்கி வைக்கிறோம். சொன்னவரை நேரில் பார்க்கும் வரை ஒரு வரியையும் அழிப்பதில்லை. வாய்மொழியாகக் கிடைத்த ஒவ்வொரு செய்திக்கும் யார், எப்போது, எங்கே என்ற மூன்றையும் குறித்து வைக்கும் ஏடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பள்ளிக்கு எடுத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்குப் பதிவேடுகளின் பக்கத்தை மட்டும் தனியாகத் தருகிறோம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மூத்தவரின் ஒலிப்பதிவு மொத்தம் 2 மணி 10 நிமிடம் ஓடுகிறது. அதில் எம்டன் வருவது 19 நிமிடம்தான். எஞ்சியது முழுவதும், 1950களில் பெங்காலான் வெல்ட் கரையில் மூட்டை தூக்கியவர்கள் எங்கே உண்டார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், இறந்தால் எப்படி எடுத்துப் போனார்கள் என்பது பற்றியது. நாங்கள் ஆறு ஆண்டுகளாக அவரோடு நடந்தும் அதைக் கேட்டதில்லை. அந்தப் பகுதியை எழுத்தில் பெயர்க்கும் வேலையை இளைஞர் செய்துவருகிறார். இதுவரை 40 நிமிடம் முடிந்திருக்கிறது.